பில்லைக் காட்டாதவர்கள்

2007 செப்டம்பர் முதல் தேதி, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்தை ஒட்டிய புரூக்ளின் என்ற சிற்றூரில், சர்க்யூட் சிட்டி என்ற மின்னணுப் பொருள் கடையில் சாமான் வாங்கிய இளைஞர் ஒருவர் பையோடு வெளியே வந்தார். வாசலில் நின்ற ஊழியர் பில்லைக் காட்டச் சொன்னார். அவர் மரியாதையாகவே மறுத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தார். காரில் குடும்பம் காத்திருந்தது. ஏறி உட்கார்ந்தாரே தவிர, கதவைச் சாத்த முடியவில்லை. கடை மேனேஜர் வந்து குறுக்கே நின்றுகொண்டார். போலீஸைக் கூப்பிட்டது கடைக்காரர் அல்ல, அந்த இளைஞர்தான். தன்னைப் போகவிடாமல் தடுக்கிறார்கள் என்று புகார் சொல்லக் கூப்பிட்டவர், கடைசியில் தானே கைதானார். வந்த போலீஸ்காரர் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்க, இவர் பெயரைச் சொன்னார், உரிமத்தை எடுக்க மறுத்தார். தான் வண்டி ஓட்டவில்லையே என்பது அவர் வாதம். அரசு ஊழியரின் கடமைக்கு இடையூறு செய்ததாக வழக்குப் பதிவானது. திருட்டு என்ற பேச்சே அதில் இல்லை.

சில வாரங்களில் நகர நிர்வாகம் வழக்கைக் கைவிட்டது. பதிவும் அழிக்கப்படும், பதிலுக்கு அவர் நகரத்தின் மேல் வழக்குப் போடமாட்டார் என்று உடன்பாடு. அதற்குள் கதை இணையமெங்கும் பரவி, முகம் தெரியாதவர்கள் எல்லாம் வக்கீல் செலவுக்குப் பணம் அனுப்பியிருந்தார்கள். ஒரு பாதிக்கு அவர் உரிமைப் போராளி. மறுபாதிக்கு, இரண்டு விநாடி வேலையை ஊர்வம்பாக்கிய முரட்டுப் பிள்ளை. சர்க்யூட் சிட்டி அடுத்த ஆண்டு நவம்பரில் திவாலாகி, 2009 மார்ச்சுக்குள் எல்லாக் கடைகளையும் மூடியது. காட்டாத ஒரு பில்லால் அல்ல. ஆனால் வாசலில் அத்தனை கறாராகக் காத்த கடைக்கு நஷ்டம் வேறு வாசல் வழியாகப் போயிருக்கிறது.

அமெரிக்காவில் இந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை. வால்மார்ட் வாசலில் நாள்தோறும் யாராவது ஒருவர் பில்லைக் காட்டாமல் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகிறார். யாராவது ஒருவர் அதைப் படம் பிடிக்கிறார். அற்பமான சண்டை என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் வாங்குபவர், விற்பவர், நடுவில் சம்பளத்துக்கு நிற்பவர் என்ற மூவரில் யாரை யார் நம்பவில்லை என்ற பழைய கணக்கு இந்தத் துண்டுக் காகிதத்தில்தான் வந்து நிற்கிறது.

சட்டத்தில் மறுப்பவர் பக்கம் வலுவாகவே இருக்கிறது. பணம் கொடுத்து, சாமானும் கைக்கு வந்துவிட்டால் அது வாங்கியவருடையது. தன் பொருளைத் தன் பையில் எடுத்துக்கொண்டு போகிறவரை வழிமறிக்கக் கடைக்காரருக்கு இருப்பது ஒரே ஒரு தனிச்சலுகை: திருடியிருக்கிறார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், நியாயமான முறையில், நியாயமான நேரத்துக்கு நிறுத்திவைத்து விசாரிக்கலாம். அந்தக் காலத்து ஆங்கிலேய வழிச் சட்டத்தில் இதுவும் கிடையாது. சந்தேகம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், பிடித்த ஆள் நிரபராதி என்று தெரிந்தால் பிடித்தவர் நஷ்டஈடு கட்ட வேண்டும். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1936-இல் கோல்யர் எதிர் கிரெஸ் வழக்கில் கடைக்காரருக்கு இந்தச் சலுகையை ஏற்றுக்கொண்டது. பிறகு மாநிலம் மாநிலமாக அது சட்டமாகவே எழுதப்பட்டது. கலிபோர்னியாவின் இன்றைய சட்டப்படி சந்தேகத்துக்குரியவரின் பையைச் சோதிக்கலாம், உடுத்தியிருக்கும் உடையைத் தொடக்கூடாது. ஃபுளோரிடாவில் திருட்டுத் தடுப்புக் கருவி கடையில் இருக்கிறது என்று அறிவிப்பு மாட்டியிருந்தால், அலாரம் அடிப்பதே நியாயமான காரணம் ஆகிவிடும்.

பில்லைக் காட்டமாட்டேன் என்று சொல்வது மட்டுமே அப்படியொரு காரணம் ஆகுமா? ஆகாது என்பதே அங்கே பெரும்பாலான வக்கீல்கள் சொல்லும் பதில். கடைக்காரர் கேட்கலாம், வாடிக்கையாளர் மறுக்கலாம், இருவரும் அவரவர் வழியில் போகலாம். பெரிய கடைகளுக்கும் இது தெரியும். ஆள் அலமாரியில் எடுத்ததைப் பார்த்திருக்க வேண்டும், ஒளித்ததைப் பார்த்திருக்க வேண்டும், நடுவில் கண்ணைவிட்டு மறைந்திருக்கக்கூடாது, பணம் கட்டாமல் கல்லாவைத் தாண்டியிருக்க வேண்டும். அதன் பிறகே கை வைக்கலாம் என்றுதான் கடைக் காவல் வேலைக்கு வருபவர்களுக்குப் பாடம் நடக்கிறது. வாசலில் பில் கேட்கும் ஊழியருக்கு இந்தப் படிகளில் ஒன்றுகூடத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் பார்ப்பது முழு வண்டியையும் ஒரு முகத்தையும் மட்டும்.

காஸ்ட்கோவில் நிலைமை வேறு. அங்கே உள்ளே போகவே உறுப்பினராக வேண்டும்; ஆண்டுச் சந்தா 2024 செப்டம்பர் முதல் 65 டாலர். வெளியேறும்போது பில்லைச் சரிபார்ப்போம் என்பதை உறுப்பினர் விதியிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். மறுப்பவரைப் பிடித்துவைக்க அந்த விதி இடம் தருகிறதா என்பது தனிக் கேள்வி. உறுப்பினர் அட்டையைப் பறிக்க இடம் தருகிறது, அது போதும். இந்த வழக்கத்தின் வேர் சால் பிரைஸ் என்ற சான் டியேகோ வணிகரிடம் போகும். 1954-இல் ஃபெட்மார்ட், 1976-இல் ஒரு பழைய விமானக் கொட்டகைக்குள் பிரைஸ் கிளப் என்று, சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் கிடங்கு விலையில் விற்கும் தொழிலை உண்டாக்கியவர் அவர். 1983-இல் சியாட்டிலில் தொடங்கிய காஸ்ட்கோ 1993-இல் பிரைஸ் கிளப்போடு இணைந்தது.

நியூஜெர்சியில் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த நம்மூர்ப் பெற்றோரைக் கேட்டால் காஸ்ட்கோ வாசல் வரிசையைச் சொல்வார்கள். ஊழியர் பில்லை வாங்கி, வண்டியை ஒரு பார்வை பார்த்து, மார்க்கரால் ஒரு கோடு இழுத்துத் திருப்பிக் கொடுப்பார். கூடக் குழந்தை இருந்தால் பில்லின் பின்பக்கம் ஒரு சிரித்த முகம் வரைந்து தருவார். சண்டை போடுபவர்கள் அரிது. பில்லில் ஒன்றை இரண்டாகப் போட்டிருந்தால் அதையும் கண்டுபிடிக்கத்தான் பார்க்கிறோம் என்று கம்பெனி சொல்கிறது. சில நேரம் அப்படி நடப்பதும் உண்டு. இந்தச் சோதனை அங்கே பலிப்பதற்கு மரியாதையைவிட எளிய காரணம் ஒன்று இருக்கிறது. வழக்கமான சூப்பர்மார்க்கெட்டில் 30,000-க்கு மேல் சரக்கு வகைகள் இருக்கும். காஸ்ட்கோவில் சுமார் 4,000-தான். எல்லாம் பெரிய பெரிய பெட்டிகள், அட்டைக் கட்டுகள். பதினைந்து உருப்படி உள்ள வண்டியைப் பில்லின் அடியில் இருக்கும் எண்ணிக்கையோடு ஒப்பிட மூன்று விநாடி போதும். வாசல்களைக் கறாராகக் கட்டுப்படுத்துவதால் தங்கள் சரக்கு இழப்பு மற்ற சில்லறைக் கடைகளைவிட மிகக் குறைவு என்று காஸ்ட்கோ தன் ஆண்டறிக்கைகளில் எழுதிவருகிறது. நம்பலாம்.

அதே காட்சியை வால்மார்ட்டுக்குக் கொண்டுபோனால் கூத்தாகிவிடுகிறது. மெல்லிய பிளாஸ்டிக் பைகளில் எழுபது சாமான். பற்பசைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கொட்ட வேண்டும். யாரும் கொட்டுவதில்லை. ஊழியர் பில்லின் தலைப்பையும் தேதியையும் பார்த்துத் தலையாட்டுகிறார். திருடத் தெரிந்தவரை அது தடுக்காது. திருடாதவருக்கு ஓர் உறுத்தலை மட்டும் கொடுத்து அனுப்புகிறது.

இந்தக் காகிதம் எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் இன்னும் சுவையான திருப்பம். அதுவும் ஒஹையோவில்தான். டேட்டன் நகரில் மதுக்கடை வைத்திருந்தவர் ஜேம்ஸ் ரிட்டி. வியாபாரம் நடந்தது, லாபம் மட்டும் வரவில்லை. கல்லாவில் நின்றவர்கள் கையில் வாங்கியதைத் தங்கள் பையில் போட்டுக்கொண்டார்கள். ஐரோப்பாவுக்குக் கப்பலில் போனபோது, உந்துவிசிறி எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணும் கருவியை எஞ்சின் அறையில் பார்த்தார். ஊர் திரும்பிச் சகோதரரோடு சேர்ந்து, விற்பனையை எண்ணும் இயந்திரம் ஒன்றைச் செய்து 1879-இல் காப்புரிமை வாங்கினார். லஞ்சத்துக்கு மசியாத காசாளர் என்று பொருள்படும் பெயர் வைத்தார். அந்தத் தொழில் 1884-இல் ஜான் பேட்டர்சன் கைக்குப் போய் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனி ஆனது. பெட்டி திறந்தால் மணி அடித்தது. விலை எல்லோருக்கும் தெரியும்படி மேலே எழும்பி நின்றது. பிறகு பில்லும் அச்சாகி வந்தது. வாங்குபவர் பில்லைக் கேட்டு வாங்கினால், ஊழியர் அந்த விற்பனையை இயந்திரத்தில் போட்டே ஆக வேண்டும். முதலாளியின் சார்பில் ஊழியரைக் கண்காணிக்கும் வேலை, சம்பளமில்லாமல், வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.

பில் தராவிட்டால் சாப்பாடு இலவசம் என்று அமெரிக்க உணவகக் கல்லாக்களில் இன்றும் அட்டை வைத்திருப்பது அந்த ஏற்பாட்டின் மிச்சம்தான். நம் ரயில்களிலும் பில் தரவில்லையென்றால் பணம் தர வேண்டாம் என்று அறிவிப்பு வந்தது. டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடக் கேட்டால், பில் கொடு என்று குடிமகன் எகிறுவதும் இதே தர்க்கம். அங்கெல்லாம் காகிதம் வாங்குபவர் கையில் இருக்கும் ஆயுதம். அமெரிக்கப் பெருங்கடை வாசலில் அதே ஆயுதம் அவர் நெஞ்சை நோக்கித் திரும்பியிருக்கிறது.

திருப்பியது யார்? ஒரு நாளில் நடந்ததில்லை. 1916-இல் டென்னசி மாநிலத்து மெம்பிஸில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் பிக்லி விக்லி என்ற மளிகைக்கடையைத் திறந்தார். அதுவரை கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்க வேண்டும். அந்தப் பக்கம் இருக்கும் பையன் எடுத்து, நிறுத்து, கட்டித் தருவான். இன்றும் நம் தெருமுனை அண்ணாச்சி கடை அப்படித்தான். சாண்டர்ஸ் கவுன்டரை எடுத்துவிட்டு, வாங்குபவரையே அலமாரிகளுக்கு நடுவில் விட்டார். சுழல்கதவு வழியாக நுழைந்தால் எல்லாச் சந்தும் சுற்றிக் கல்லாவில்தான் வெளியே வர முடியும் என்று வழியை அமைத்து, 1917-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். எடுத்துக்கொடுக்கும் பையனின் சம்பளம் மிச்சமானது, விலை குறைந்தது, விற்பனை கூடியது. கூடவே இன்னொன்றும் நடந்தது. வாங்குபவர் கை பணம் கொடுக்கும் முன்பே சாமானின் மேல் விழுந்தது. கடைத்திருட்டு அதற்கு முன்பும் உண்டு, ஆனால் கடைக்குள் வரும் ஒவ்வொருவரும் திருடக்கூடியவர் ஆனது சுயசேவைக்குப் பிறகுதான்.

எழுபது ஆண்டு கழித்து அடுத்த படி. 1986-இல் அட்லான்டா அருகே ஒரு குரோகர் கடையில் வாடிக்கையாளரே ஸ்கேன் செய்யும் இயந்திரம் வந்தது. சாமான் எடுத்துத்தரும் பையன் முன்பே போயிருந்தான். இப்போது கல்லாவில் இருந்த பெண்ணும் போகத் தொடங்கினாள். நான்கு கவுன்டர் இருந்த இடத்தில் பன்னிரண்டு இயந்திரம், பார்த்துக்கொள்ள ஒரே ஆள். இயந்திரம் முரண்டு பிடிக்கும். வாழைப்பழத்துக்கு எண் தேட வேண்டும். பையில் வைத்ததை வைக்கவில்லை என்று அது கத்தும். அரைகுறையாக அந்த வேலையைச் செய்து முடித்துவிட்டு வாசலுக்கு வந்தால், நீங்கள் ஒழுங்காகச் செய்தீர்களா பார்க்கிறேன் என்று ஒருவர் நிற்கிறார். பில் காட்ட மறுப்பவர்களின் கோபத்தில் நியாயமான பகுதி இதுதான் என்று தோன்றுகிறது. சம்பளம் வாங்காமல் காசாளர் வேலை செய்தவரைத் திருட்டுச் சந்தேகத்தோடு வழியனுப்புவது எந்த ஊர் வியாபார மரியாதையிலும் சேராது. கடைகளே இப்போது கொஞ்சம் பின்வாங்குகின்றன. டார்கெட் 2024 மார்ச்சில் பெரும்பாலான கடைகளில் சுயகல்லாவைப் பத்து சாமானோடு நிறுத்தியது. வட இங்கிலாந்தின் பூத்ஸ் 2023-இல் இரண்டு கடை தவிர மற்றவற்றிலிருந்து அதை எடுத்தே விட்டது.

இனி வாசலில் நிற்பவரைப் பற்றி. வால்மார்ட் அங்கே ஆளை நிறுத்தியது சந்தேகப்படுவதற்கு அல்ல என்பது பலருக்கு நினைவிருக்கும். உண்மை அதைவிடச் சிக்கலானது. 1980-இல் லூசியானா மாநிலத்து கிரவுலி என்ற ஊரில் இருந்த கிளைக்குத் திருட்டுத் தொல்லை. மேனேஜருக்குக் காவலாளியை நிறுத்தி நல்லவர்களை மிரட்ட மனமில்லை. வயதான ஒருவரை வாசலில் நிற்கவைத்து, வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். வணக்கம் சொல்பவர் ஆளைப் பார்த்துவிடுகிறார் அல்லவா, திருட வந்தவருக்கு அது போதும் என்பது கணக்கு. அந்தக் கிளைக்குப் போன வால்மார்ட் நிறுவனர் சாம் வால்டனுக்கு யோசனை பிடித்துப்போய், நாடெங்கும் பரப்பினார். 1992-இல் வெளிவந்த தன் வரலாற்று நூலில் இதைப் பெருமையாகச் சொல்கிறார். ஆக, புன்னகையும் கண்காணிப்பும் அன்றைக்கே ஒரே ஆளின் முகத்தில்தான் இருந்தன. அன்று புன்னகை முன்னால் நின்றது.

2019-இல் ஏறக்குறைய ஆயிரம் கிளைகளில் அந்த வேலையின் பெயரையும் தன்மையையும் வால்மார்ட் மாற்றியது. புதியவர் பில் சரிபார்க்க வேண்டும், திரும்ப வரும் சாமானைக் கவனிக்க வேண்டும், 25 பவுண்டு தூக்க வேண்டும், ஏணி ஏற வேண்டும், நெடுநேரம் நிற்க வேண்டும். சக்கர நாற்காலியில் அமர்ந்தும் ஊன்றுகோல் பிடித்தும் ஆண்டுக்கணக்காக வணக்கம் சொல்லிவந்தவர்களுக்கு வேலை போகும் நிலை. ஊர் கொதித்தது, கம்பெனி அவர்களில் பலருக்கு வேறு இடம் தேடித்தருவதாகச் சொல்ல வேண்டி வந்தது. வாசலில் அப்போது மிஞ்சியது பில்லைப் பார்க்கும் கண் மட்டும்.

அந்தக் கண் தடுப்பது எவ்வளவு? அமெரிக்காவின் தேசியச் சில்லறை வணிகக் கூட்டமைப்பு 2022 நிதியாண்டுக்குக் கொடுத்த கணக்கு, விற்பனையில் 1.6 விழுக்காடு காணாமல் போகிறது என்பது. 11,210 கோடி டாலர். தலைப்புச் செய்தி அதோடு நின்றுவிட்டது. உள்ளே பிரித்துப் பார்த்தால் வெளியார் திருட்டு 36 விழுக்காடு, ஊழியர் திருட்டு 29, கணக்குப் பிழையும் நிர்வாகக் குளறுபடியும் 27. காணாமல் போவதில் பாதிக்கு மேல் அந்த வாசல் வழியே வாடிக்கையாளர் வண்டியில் போகவே இல்லை. இன்னொரு வேடிக்கை: 2021-இன் 9,450 கோடி டாலர் இழப்பில் கிட்டத்தட்டப் பாதி கும்பல் திருட்டுதான் என்று 2023-இல் அதே கூட்டமைப்பு வெளியிட்ட அறிக்கை சொன்னது. செனட் விசாரணை ஒன்றில் யாரோ சொன்ன பழைய எண்ணைத் தவறாகப் பொருத்தியிருக்கிறார்கள் என்று தெரியவந்ததும், அந்த ஆண்டு டிசம்பரில் அந்த வரியைத் திரும்பப் பெற்றார்கள். மருந்துக்கடை நிறுவனமான வால்கிரீன்ஸின் நிதித் தலைவரும் அதே ஆண்டு ஜனவரியில், போன வருஷம் கொஞ்சம் அதிகமாகவே அழுதுவிட்டோமோ என்ற தொனியில் முதலீட்டாளர்களிடம் பேசினார். திருட்டு இல்லை என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் எண்ணைச் சொல்பவருக்கு எந்தச் சோதனையும் இல்லை, உப்பும் சோப்பும் வாங்கியவருக்கு வாசலில் சோதனை.

மறுப்பவர்களின் வாதத்தில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. நேராக நடந்து போய்விடுங்கள், அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். யாரால் அப்படிப் போக முடியும்?

1995 அக்டோபரில் மேரிலாந்து மாநிலத்து ஃபோர்ட் வாஷிங்டனில், எடி பாவர் துணிக்கடைக்கு மூன்று கறுப்பின இளைஞர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் முந்தைய நாள் அதே கடையில் வாங்கிய சட்டையைப் போட்டிருந்தான். பணிநேரம் முடிந்து அங்கே காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் சட்டைக்குப் பில் கேட்டார். நேற்று வாங்கிய சட்டைக்குப் பில்லைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு யார் திரிவார்கள்? சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பில்லைக் கொண்டுவரும்படி உத்தரவானது. அவன் பனியனோடு வீட்டுக்குப் போனான். 1997-இல் கூட்டாட்சி நீதிமன்ற ஜூரி மூவருக்கும் சேர்த்துப் பத்து லட்சம் டாலர் நஷ்டஈடு விதித்தது. சட்டவிரோதமாகத் தடுத்துவைத்ததை ஏற்ற ஜூரி, இனப்பாகுபாடு என்ற குற்றச்சாட்டை ஏற்கவில்லை. அதுவும் யோசிக்கத்தக்கது.

2016 நவம்பரில் அலபாமாவின் செம்ஸ் ஊரில் வால்மார்ட் சுயகல்லாவில் சாமான் வாங்கிய ஒரு பெண் வாசலில் நிறுத்தப்பட்டார். இயந்திரம் நடுவில் நின்றுபோனது, ஊழியர் வந்துதான் சரிசெய்தார், பணம் கட்டிவிட்டேன் என்றார். கேட்பாரில்லை. 48 டாலர் மளிகைக்காகக் கைதானார். ஓராண்டில் வழக்குத் தள்ளுபடியானது. ஆனால் அதற்குள் கடையின் சார்பில் ஒரு வக்கீல் நிறுவனம் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டது: 200 டாலர் கட்டு, இல்லையென்றால் உரிமையியல் வழக்கு. திருடியதாகச் சொன்ன சாமானின் விலையைப் போல நாலு மடங்குக்கும் மேல். இப்படிக் கடிதம் போட்டுப் பணம் வாங்குவது அமெரிக்காவில் சட்டம் அனுமதிக்கும் தனித்தொழில். அவர் திருப்பி வழக்குப் போட்டார். 2021-இல் ஜூரி 21 லட்சம் டாலர் தீர்ப்பளித்தது. ஐந்து ஆண்டு நடையாக நடந்தவருக்குக் கிடைத்த தீர்ப்பு அது. நடக்கத் தெம்பில்லாமல் 200 டாலரைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்தவர்கள் எந்தத் தீர்ப்பிலும் வரமாட்டார்கள்.

புரூக்ளின் இளைஞர் தானே போலீஸைக் கூப்பிட்டார். போலீஸ் வந்தால் தன் பேச்சு எடுபடும் என்ற நம்பிக்கை ஒருவருக்குச் சும்மா வருவதில்லை. ஃபோர்ட் வாஷிங்டன் கடையில் பில் கேட்டவரே போலீஸ்காரர். பில்லைக் காட்டாமல் போகும் உரிமை சட்டப் புத்தகத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான். கடை வாசலில் அது முகத்துக்கு முகம் மாறுகிறது. இதைச் சொல்லாமல் உரிமையை மட்டும் பேசும் வீடியோக்கள் பாதிக் கதைதான்.

மீதிக் கதை அந்த வீடியோக்களின் ஓரத்தில் நிற்கிறது: நீலச் சட்டையோ மஞ்சள் அங்கியோ போட்ட, பெரும்பாலும் வயதான, பெரும்பாலும் குறைந்த சம்பளக்காரர். ஸ்கேன் இயந்திரத்தைக் கொண்டுவந்தது அவர் இல்லை, காசாளர்களைக் குறைத்ததும் அவர் இல்லை. மறுப்பவரைத் தடுக்க அவருக்கு அதிகாரமும் கிடையாது. தடுத்தால் வேலை போகலாம், தடுக்காமல் விட்டால் மேனேஜரிடம் ஏச்சு. 2022 அக்டோபரில் வட கரோலினாவின் ஹில்ஸ்பரோவில் ஹோம் டிப்போ கடையிலிருந்து பணம் கட்டாத சாமானை ஒருவன் தள்ளிக்கொண்டு போனபோது, அருகே போன 83 வயது ஊழியரைக் கீழே தள்ளினான். சில வாரங்களில் முதியவர் இறந்தார். பில் கேட்பவர் தன் முன்னால் வரும் வண்டியின் பின்னால் யார் என்று அறியாமல்தான் கை நீட்டுகிறார். உரிமைக்காக மறுப்பவரும் ஓடத் தயாராக இருப்பவரும் அவருக்கு முதல் விநாடியில் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். மறுப்பவர் தலைமை அலுவலகத்தின் மேல் கோபப்படுகிறார். அதை வாங்கிக்கொள்வது இவர்.

தி.நகரின் பெரிய ஜவுளிக்கடைகளில் இந்த வேலையை வேறு விதமாகப் பங்குபோட்டு வைத்திருக்கிறார்கள். நுழையும்போதே பையை டோக்கன் கவுன்டரில் கொடுத்துவிட வேண்டும். எடுத்துக் காட்டுபவர் ஒருவர், பில் போடுபவர் ஒருவர், பணம் வாங்குபவர் ஒருவர், பொட்டலம் கட்டித் தருபவர் ஒருவர். ஒவ்வொருவரும் முன்னவரின் முத்திரையைப் பார்த்தே அடுத்ததைச் செய்கிறார்கள். கடைசியில் வாசலில் செக்யூரிட்டி பில்லில் ஓட்டை போட்டு அனுப்புகிறார். இத்தனை கைகளுக்கு நடுவில் வாங்குபவர் மட்டுமல்ல, ஒவ்வொரு ஊழியரும் கண்காணிக்கப்படுகிறார். அதனாலோ என்னவோ, யாரும் தனியாக அவமானப்பட்டதாக நினைப்பதில்லை. பில்லை நீட்டும்போது முகத்தைக்கூடப் பார்க்காமல் நீட்டுகிறோம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. அந்த நாற்காலி வாசல் வரை வந்து சேர்ந்ததா என்று அடுத்த முறை பில்லை நீட்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் மறுப்பு நடக்கும் இடம் வேறு, அது பில் கவுன்டர். போன் நம்பர் சொல்லுங்க என்று காசாளர் கேட்கிறார். சொல்லமாட்டேன் என்றால் கம்ப்யூட்டர் அடுத்த திரைக்குப் போகாது என்கிறார். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, செல்பேசி எண்ணைக் கேட்டுக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று கடைகளுக்கு அறிவுறுத்தியது. ஆனாலும் கவுன்டரில் இருக்கும் பெண்ணிடம் வாதாடிவிட்டு, பின்னால் நிற்கும் வரிசையின் முணுமுணுப்புக்குப் பயந்து எண்ணைச் சொல்லிவிடுகிறவர்களே அதிகம். அவளாகக் கேட்கவில்லை, திரை கேட்கச் சொல்கிறது.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இப்போது அந்தத் திரையே வாசலுக்கு வந்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோவின் சில சேஃப்வே கடைகளில் 2023 முதல் சுயகல்லாப் பகுதியைச் சுற்றித் தடுப்பு. பில்லில் உள்ள கோடுகளை ஸ்கேன் செய்தால்தான் கதவு திறக்கும். இங்கிலாந்தில் செயின்ஸ்பரி கிளைகள் சிலவற்றிலும் இதே ஏற்பாடு. வால்மார்ட்டின் சகோதரக் கடையான சாம்ஸ் கிளப் 2024-இல் வேறு வழிக்குப் போனது: வாசலில் ஒரு வளைவு, அதில் கேமராக்கள். வண்டி அதைக் கடக்கும்போது உள்ளே இருப்பதைப் படமெடுத்து, கட்டிய பணத்தோடு கணினி ஒப்பிடுகிறது. பில்லை எடுக்கவே வேண்டாம். உறுப்பினர்கள் 23 விழுக்காடு விரைவாக வெளியேறுகிறார்கள் என்று கம்பெனி மகிழ்ச்சியோடு அறிவித்தது.

வளைவிடம் போய் வேண்டாம், நன்றி என்று சொல்ல முடியாது. 1936 தீர்ப்பு கேட்ட நியாயமான காரணம் என்பதைக் கதவிடம் கேட்கவும் முடியாது. குறிப்பிட்ட யார் மேலும் அதற்குச் சந்தேகமில்லை, எல்லோர் மேலும் உண்டு. பில் கசங்கிப்போய்க் கோடுகள் படிக்கவில்லையென்றால் கதவு திறக்காது. அந்த நேரம் வரை ஒருவர் தடுத்துவைக்கப்பட்டாரா, இல்லை வெறுமனே காத்திருந்தாரா? வக்கீல்களுக்குப் பல ஆண்டு வேலை இருக்கிறது. அதுவரை, சிவப்பு விளக்கு எரியும்போது ஓடி வந்து சாவியைப் போட்டுக் கதவைத் திறந்துவிட, பன்னிரண்டு இயந்திரங்களையும் பார்த்துக்கொள்ளும் அந்த ஒரே ஊழியரைத்தான் கூப்பிடுகிறார்கள்.